ஹோலோடைப்: தமிழில் மூலமாதிரி

ஓர் உயிரினத்துக்கு அறிவியல் பெயர் சூட்டும்போது, 'இந்தப் பெயர் இதற்குரியது' என்று ஆய்வுக் கட்டுரையில் ஒரே ஓர் உடலைச் சுட்டிக்காட்டுவார்கள். அதுதான் ஹோலோடைப். மீன் என்றால் ஃபார்மலினில் பதப்படுத்தி, அப்புறம் ஆல்கஹாலில் இட்டு, எண் கொடுத்து அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நிறம் வெளுத்துவிடும் என்பதால் பிடித்த கையோடு படமும் எடுத்துவிடுவார்கள்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ஹோலோஸ்' என்றால் முழுமை. 'டூபோஸ்' என்றால் அடி, அடித்ததால் பதிந்த தடம். முத்திரை, அச்சு, வடிவம் என்றெல்லாம் அதன் பொருள் பின்னால் விரிந்தது.

ஒரே ஓர் உடலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மாலத்தீவின் பவளப்பாறை மீன் ஒன்றின் கதை இதை நன்றாகக் காட்டும். 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில், வெளிச்சம் மங்கிய பாறைகளில் வாழும் அழகான இளஞ்சிவப்பு மீன் அது; ஃபேரி ராஸ் என்ற வகையைச் சேர்ந்தது. பல ஆண்டுகள் அதை 'சிர்ரிலாப்ரஸ் ரூப்ரிஸ்குவாமிஸ்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரோ மாலத்தீவுக்குத் தெற்கே சாகோஸ் தீவுக்கூட்டத்தில் கிடைத்த ஒரே ஒரு குஞ்சு மீனை வைத்து 1983-இல் சூட்டப்பட்டது. இரண்டு இடத்து மீன்களையும் ஒப்பிட்டபோது நிறம், செதில் எண்ணிக்கை, முதுகுத்துடுப்பு முட்களின் உயரம் எல்லாம் வேறுபட்டன. இரண்டும் வேறு வேறு இனங்கள்! சாகோஸ் குஞ்சுதான் ஹோலோடைப் என்பதால், பழைய பெயர் அந்தக் குஞ்சோடு சாகோஸிலேயே நின்றுவிட்டது. மாலத்தீவு மீனுக்கு 2022-இல் 'சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா' என்று பெயரிட்டார்கள். ஃபினிஃபென்மா என்றால் திவேகி மொழியில் ரோஜா, அந்நாட்டின் தேசிய மலர். கட்டுரை ஆசிரியர்களில் ஒருவரான அகமது நஜீப் மாலத்தீவைச் சேர்ந்தவர். தங்கள் கடல் மீனுக்கு அந்நாட்டு அறிவியலாளர் ஒருவர் பெயரிட்டது அதுவே முதல் முறை. அதற்கும் முன்பே அந்த மீன் அலங்கார மீன் வணிகத்தில் விலைபோய்க்கொண்டிருந்தது என்பதுதான் வருத்தம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'முழுவகை' என்றால் எதுவும் விளங்காது. 'முதல் மாதிரி' தவறாகப் போய்விடும். முதலில் பிடிபட்டதுதான் ஹோலோடைப் ஆக வேண்டும் என்ற விதி கிடையாது. அந்த இனத்தின் சராசரித் தோற்றம் கொண்டதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை, சாகோஸ் குஞ்சே சாட்சி. நான் 'மூலமாதிரி' என்பேன். எல்லைத் தகராறு வந்தால் நிலத்தின் மூலப்பத்திரத்தைத்தானே எடுத்துப் பார்க்கிறோம்? பெயர்த் தகராறு வந்தால் எடுத்துப் பார்க்க வேண்டிய உடல் இது. இதோடு சேர்த்துக் குறிப்பிடப்படும் மற்ற உடல்களை (பாராடைப்) 'துணைமாதிரி' எனலாம். மூலமாதிரி அழிந்துபோய், பெயரில் குழப்பமும் வந்தால் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் நியோடைப்பை 'மாற்று மூலமாதிரி' எனலாம்.

இந்த விதிகள் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே நம் கடலின் மீன்கள் பெர்லினுக்குப் போயிருக்கின்றன. தரங்கம்பாடியில் இருந்த சமயப் பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், மார்கஸ் ப்ளோக் என்ற மருத்துவருக்கு மீன்களை அனுப்பினார். ப்ளோக் 1793-இல் ஒரு கத்தாளை மீன் இனத்துக்கு 'ஜானியஸ் கருத்தா' என்று பெயர் வைத்தார். முன்பாதி ஜானின் பெயர், பின்பாதி 'கருத்த கத்தாளை' என்ற தமிழ்ப் பெயர். ப்ளோக்கின் மீன் சேகரிப்பு இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.