இணையச்சு அன்று, பொதுவச்சு வடம்

ஏற்காட்டில் வசிக்கும் என் மாமா, தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் வளர்ந்து தென்கிழக்கு வானத்தை மறைத்துவிட்டதால், டிஷ்ஷை வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி நட்டார். பழைய ஒயர் எட்டவில்லை. செட்டாப் பாக்ஸுடன் வந்த தமிழ்க் கையேட்டில் "இணையச்சு வடம் மட்டுமே பயன்படுத்துக" என்று இருந்ததைப் படித்துவிட்டு, தூர்தர்ஷன் காலத்து ஆண்டெனாவில் இருந்த தட்டையான இரட்டைக் கம்பி ஒயரைப் பரணிலிருந்து எடுத்து ஒட்டுப் போட்டார். "இரண்டு கம்பியும் இணையாத்தானே ஓடுது மாப்ளே" என்றார். திரையில் சிக்னல் இல்லை என்ற வரிதான் வந்தது. அவர் மீது எனக்குக் குறையில்லை. தமிழை அவர் சரியாகவே படித்திருந்தார்.

கையேடு சொல்ல வந்தது கோஆக்சியல் கேபிளை. 'கோ' என்பது உடன், சேர்ந்து என்று பொருள்படும் இலத்தீன் முன்னொட்டு; 'ஆக்சிஸ்' என்பது அச்சு. நம் அச்சும் பழைய சொல்தான்: மயிற்பீலியை அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு இறும் என்கிறது 475ஆம் குறள். கேபிளுக்கு வடம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. தேர் இழுத்த ஊர்க்காரனுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

குற்றம் 'இணை'யில் இருக்கிறது. இணை இயக்குநர், இணை ஆசிரியர் என்னும் பதவிப் பெயர்களில் 'கோ', 'ஜாயின்ட்' முதலியவற்றுக்கு இணை என்று வைத்தது பொருத்தமே. ஆனால் கோடும் அச்சும் பேசப்படும் இடத்தில் இணை என்றால், என்றுமே சந்திக்காமல் பக்கத்துப் பக்கத்தில் செல்வது என்றுதான் பொருள். இணைகோடும் இணைகரமும் படிக்காமல் இங்கு யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டுவதில்லை. இந்த வடத்திலோ பக்கத்துப் பக்கத்தில் எதுவும் செல்லவில்லை. நடுவில் ஒரு செம்புக் கம்பி அல்லது செம்பு பூசிய எஃகுக் கம்பி, அதைச் சுற்றி நுரைப் பாலித்தீன், அதன்மேல் அலுமினியத் தாளும் பின்னல் வலையும், எல்லாவற்றுக்கும் மேல் உறை. நடுக்கம்பிக்கும் சுற்றியுள்ள வலைக்கும் அச்சு ஒன்றே. அப்படி ஒன்றாக இருப்பதால்தான் 75 ஓம் என்ற மின்மறுப்பு (இம்பீடன்ஸ், அதாவது வடத்தில் ஓடும் சிக்னலின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்) வடத்தின் நீளம் முழுதும் மாறாமல் நிற்கிறது. ஆணியடித்து நசுக்கினாலோ, சன்னல் விளிம்பில் மடக்கினாலோ, நடுக்கம்பி விலகி அந்த இடத்தில் சிக்னலில் ஒரு பங்கு திரும்பிவிடும். மாமா எடுத்த தட்டை ஒயர் 300 ஓம். 'இணை' என்ற அடைக்கு உரிமை உள்ளது உண்மையில் அதற்குத்தான்! டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி என்ற சிறு கருவி, செயற்கைக்கோளிலிருந்து கேயூ என்னும் மிக உயர்ந்த அலைவரிசையில் வரும் சிக்னலை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அளவுக்கு இறக்கி அனுப்புகிறது. எல்என்பிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் அதே வடத்தில் மேலே போகிறது. அந்த வோல்ட் தட்டை ஒயரிலும் போய்ச் சேரும், ஆனால் அந்த அதிர்வெண்ணில் சிக்னல் ஒழுங்காக வந்து சேராது.

எழுத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. இணையச்சு என்பதை இன்றைய கண் 'இணைய அச்சு' என்றே பிரிக்கிறது. புணர்ச்சி விதிப்படி அது இணையவச்சு என்றல்லவா வரும் என்று இலக்கணம் படித்தவர் வாதிடலாம்; கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் நிற்பவர் அதையெல்லாம் எண்ணுவதில்லை. என் அத்தையே, இது பிரிண்டருக்கு உரியதா என்று கேட்டார்.

சிலர் எழுதும் 'ஓரச்சு வடம்' இதைவிட மேல். ஆயினும் ஓர் அச்சா, ஓரத்து அச்சா என்ற மயக்கம் அதில் தங்குகிறது, இரண்டு பொருள்கள் அந்த அச்சைப் பகிர்கின்றன என்பதும் தெரிவதில்லை. ஒரே மையம் கொண்ட வட்டங்களைப் பொதுமைய வட்டங்கள் என்று பாடநூல் எப்போதோ சொல்லிவிட்டது. வடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிவதும் அதே பொதுமைய வட்டங்கள்தாம். ஆகவே பொதுவச்சு வடம் என்பதே தெளிவு. மொழிபெயர்ப்பாளர் அகராதியில் 'கோ' என்ற வரியைத் தேடியதற்குப் பதிலாக, ஒரு முழம் ஒயரை வாங்கிக் கத்தியால் சீவிப் பார்த்திருந்தால் இந்தச் சொல் தானே வந்திருக்கும். கலைச்சொல் ஆக்குவோர் பலரிடம் நான் காணும் குறை இதுதான்: பொருளைத் தொடாமல் முன்னொட்டைப் பெயர்க்கிறார்கள், தூய தமிழ் என்ற பெயரில் அது அச்சேறிவிடுகிறது.

சேலத்துக் கடைவீதியில் பொதுவச்சு வடம் என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார் என்பது எனக்குத் தெரியும். மாமாவுக்கு நான் வாங்கிச் சென்றபோது "ஆர்ஜி 6 ஒயர், ஒட்டுப் போடாம ஒரே நீளமா 30 மீட்டர், ரெண்டு எஃப் கனெக்டர்" என்றுதான் கேட்டேன். ஆர்ஜி 6 என்பது இந்த வடத்தில் ஒரு வகை; எஃப் கனெக்டர் அதன் முனையில் மாட்டுவது. கையேட்டின் அந்தப் பக்கத்தில் மட்டும் 'இணை'யைப் பேனாவால் அடித்துப் 'பொது' என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.