ஆர்சியில் ஒரு இன்ஜின், வண்டியில் வேறொரு இன்ஜின்: பழைய ஜீப்பை விற்பவர்கள் கவனத்துக்கு

மகிந்திரா சிஜே 3பி, எம்எம் 540 போன்ற பழைய ஜீப்புகளைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் நிறையப் பேர். ஆனால் இன்ஜினை மாற்றி, பெரிய டயர் போட்டு, ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டு) வைத்த ஜீப் என்றால், விலை படிந்த பிறகும் பேச்சு முறிந்துபோவது உண்டு. பெரும்பாலும் ஆர்சி புத்தகம்தான் காரணம்.

விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே சேசிஸ் எண், இன்ஜின் எண், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை நான்கையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் மேல் பல கோட் பெயிண்ட் ஏறியிருக்கும். பெயிண்ட் ரிமூவர் தடவித் துணியால் துடைத்தால் போதும். கிரைண்டர் வைத்தால் எழுத்தின் ஓரம் தேய்ந்து, யாரோ திருத்தியது போலத் தெரியும். ஆர்டிஓ அலுவலகத்தில் அந்த எண் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்கும்போது வண்டி அங்கேயே நின்றுவிடும். ஆர்சியில் இருக்கும் எண்ணை வேறு இன்ஜினில் பஞ்ச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு உடனே கிளம்புங்கள். அது மோசடி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஜின் மாறினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ விதிக்க 182ஏ பிரிவில் இடம் உண்டு. பெட்ரோல் என்று பதிவான வண்டியில் டீசல் ஓடினால், அதைச் சரிசெய்யாமல் விற்பது வாங்குபவர் தலையில் வழக்கைக் கட்டுவதுதான். கழற்றிய பழைய இன்ஜின் கையில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பல நேரம் அதைத் திரும்ப ஏற்றுவதே நேரான வழி.

'விண்டேஜ்' என்று விளம்பரம் போடுவதிலும் கவனம் வேண்டும். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் 'விஏ' வரிசை எண் கிடைக்கும். மாற்றியமைத்த ஜீப்புக்கு அது கிடைக்காது. கிடைக்கும் என்று நம்பவைத்து விலையை ஏற்றாதீர்கள்.

இயந்திரக் குறைகளில் அதிகம் மறைக்கப்படுவது ஆக்சில் விகிதம், அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு. சிஜே 3பி-யின் விகிதம் 5.38. வேகம் கூடட்டும் என்று பின் ஆக்சிலின் கிரவுன்-பினியனை (விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடி) மட்டும் மாற்றி, முன்னால் பழையதையே விட்டுவிடுகிறார்கள். டூ வீலில் ஓட்டினால் எதுவும் தெரியாது. தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, ஃபோர் வீல் லீவர் இறுகி, ஷாஃப்டின் கிராஸ் (மூட்டு) உடையும். சோதிப்பது எளிது. மற்ற சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, கியரையும், சக்தியை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் விட்டு, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதால், அதை இரண்டு முழுச் சுற்று சுற்றும்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். முன்னாலும் பின்னாலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும். முன் ஆக்சிலில் ஹப் லாக் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் அதைப் பூட்டிவிட்டுச் சுற்றுங்கள்.

டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். இரண்டையும் சொல்லிவிட்டே டெஸ்ட் டிரைவுக்குச் சாவியைக் கொடுங்கள். தரைத் தகட்டின் அடியில் துரு இருந்தால் அண்டர்கோட் அடித்து மூடாமல் அப்படியே படம் எடுத்துக் காட்டுங்கள்.

பணம் கைக்கு வந்ததும் வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுக்கும் பழக்கம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் ஆர்சியில் பெயர் உள்ளவரே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. படிவம் 29 (விற்றதைத் தெரிவிப்பது) இரண்டு பிரதி, படிவம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்), இரண்டிலும் வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்களே பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போகும் வண்டிக்குப் படிவம் 28-இல் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்குங்கள். பழைய கடன் அடைந்திருந்தாலும் ஆர்சியில் வங்கிப் பெயர் இருந்தால், அதை நீக்கப் படிவம் 35 தேவை.

வண்டியை ஒப்படைக்கும் தேதி, நேரம், கிலோமீட்டர், செய்த மாற்றங்களின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஃபாஸ்டேக் கணக்கை அன்றே மூடிவிடுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலையும் இந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள்.