மறைபடி: பிசிசி என்ற மூன்றெழுத்துக்குத் தமிழ்

மச்சானுக்குப் பாம்பனில் கருவாட்டு வியாபாரம். வெளியூர் வியாபாரிகளுக்கு வாராவாரம் விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வாரமே 43 முகவரிகளையும் சிசி (CC) என்ற நகல் கட்டத்தில், எல்லார் பெயரும் எல்லாருக்கும் தெரியும்படி வரிசையாக ஒட்டி அனுப்பிவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு வியாபாரி 'எல்லாருக்கும் பதில்' பொத்தானை அமுக்கி, போன தடவை நெத்திலியைக் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தீர்களே, இப்போது மட்டும் ஏன் இந்த விலை என்று கேட்க, அது மற்ற 42 பேருக்கும் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் வரை மச்சானுடைய போன் ஓயவில்லை. "என்ன மாப்ள, நம்ம யாவாரிங்க பேரையெல்லாம் போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டியே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த முகவரிகளைப் பக்கத்துக் கட்டத்தில், அதாவது பிசிசி-யில் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. பிசிசி (BCC) என்பது பிளைண்ட் கார்பன் காப்பி, சொல்லுக்குச் சொல் பார்த்தால் குருட்டுக் கரி நகல். கடிதம் எல்லாருக்கும் போகும், ஆனால் வேறு யாருக்கெல்லாம் போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

இதில் கார்பன் எங்கிருந்து வந்தது? மச்சான் கடை பில் புத்தகத்தைத் திறந்தால் தெரியும். இரண்டு தாளுக்கு நடுவில் ஒரு கறுத்த தாள், மேல் தாளில் அழுத்தி எழுதினால் கீழ்த் தாளிலும் பதியும், கருவாடு தொட்ட ஈரக் கையோடு பிடித்தால் விரலெல்லாம் மை. அந்தக் கரித்தாளுக்கு இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் என்பவர் 1806-இல் காப்புரிமை வாங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் இத்தாலியில் பெல்லெக்ரினோ டூரி என்பவர், கண்பார்வை இழந்த ஒரு சீமாட்டி கடிதம் எழுதுவதற்காகத் தட்டச்சுப் பொறி ஒன்றைச் செய்தார், அதற்கும் மை கொடுத்தது கரித்தாள்தான். அதற்காக 'பிளைண்ட்' என்ற சொல் அந்தச் சீமாட்டியிடமிருந்து வந்தது என்று யாராவது கதை விட்டால் நம்பிவிட வேண்டாம். அது தட்டச்சர்களின் மேசையில் பிறந்தது.

கலெக்டருக்கு மனு டைப் அடித்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. கடைசியில் இடது ஓரம் 'நகல்:' என்று போட்டு, மீன்வளத்துறை உதவி இயக்குநர் அவர்களுக்கு என்று ஒரு வரி. அந்த வரி கலெக்டர் கையில் இருக்கும் தாளிலும் இருக்கும். இதுதான் சிசி, வெளிப்படையான நகல். இன்னொருவருக்கும் ஒரு படி போக வேண்டும், ஆனால் அது கலெக்டருக்குத் தெரிய வேண்டாம் என்றால் என்ன செய்வது? தட்டச்சர் எல்லாத் தாளையும் பொறியிலிருந்து உருவுவார், அசலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடியில் இருந்த படியை மட்டும் திரும்பச் செருகி, அதில் மட்டும் அந்த மூன்றாமவர் பெயரை அடிப்பார். அசலைப் படிப்பவர் கண்ணில் அந்தப் பெயர் படாது. அந்தக் கண் படாமைதான் 'பிளைண்ட்', அதற்கு மேல் அதில் ஒரு குருடும் இல்லை.

மின்னஞ்சல் வந்தபோது கரித்தாள் போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1982 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 822 என்ற நெறிமுறை ஆவணம் பிசிசி வரியைப் பற்றிச் சொல்வதில் முக்கியமானது இது: முதன்மைப் பெறுநருக்கும் நகல் பெறுநருக்கும் போகும் கடிதத்தில் அந்த வரி இருக்கக் கூடாது. இது எப்படி முடிகிறது என்றால், தபாலில் உறை வேறு, உள்ளே இருக்கும் கடிதம் வேறு இல்லையா, மின்னஞ்சலிலும் அப்படியே. யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதைச் சர்வர்கள் உறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன. மறைவாகச் சேர்த்த முகவரிகள் உறையில் இருக்கும், கடிதத்தின் தலைப்பில் இருக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் 'குருட்டுக் கரிநகல்' என்றால் சிரிப்பும் வராது, பொருளும் வராது, கண் தெரியாதவர்களைப் புண்படுத்துவதுதான் மிச்சம். கார்பன் என்பதன் வேர் லத்தீன் 'கார்போ', பொருள் கரி. நம் 'கரி'யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல், அதை வைத்துக்கொண்டு லத்தீனுக்குத் தாய் தமிழ் என்று கிளம்பிவிடாதீர்கள். எப்படியும் இப்போது கரியே இல்லாதபோது பெயரில் மட்டும் அது எதற்கு?

பலரும் சொல்வது 'மறைநகல்'. கேட்டதும் புரியும், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் நகல் என்பது அரபு 'நக்ல்' வழியாக வந்தது, அதன் ஜோடியான அசலும் அரபுதான். தமிழிலேயே ஒரு நகல் உண்டு, அது வேறு: குறள் 999-இல் 'நகல்வல்லர்' என்று வருகிறதே, அங்கே நகல் என்றால் சிரித்து மகிழ்வது. பிரதி வடமொழி. ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதியதைப் படியெடுத்தல் என்றார்கள், அந்தப் 'படி' எனக்குப் பிடித்தது. ஆகவே மறைபடி. நடுவில் ப் போடக் கூடாது, அது வினைத்தொகை, வலி மிகாது. ப் போட்டு 'மறைப்படி' என்று எழுதினால் வேதத்தின்படி என்று ஆகிவிடும், கருவாட்டு விலைப்பட்டியலுக்கு அது கொஞ்சம் அதிகம்.

இன்னொரு நுணுக்கம். உண்மையில் மறைவது படி அல்ல, அதை வாங்குகிறவரின் பெயர். அதனால் அந்தக் கட்டத்துக்கு 'மறைபெறுநர்' என்றும், அங்கே போகும் கடிதத்துக்கு மறைபடி என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மச்சானிடம் இதையெல்லாம் விளக்கினேன். மாட்டுச் சந்தையில் கையின் மேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, சுற்றி எத்தனை பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதைச் சொல்லி, "அப்ப எல்லாத்தையும் துண்டுக்குள்ள போட்டு அனுப்பு, முடிஞ்சது" என்றார். இன்றுவரை எங்கள் வீட்டில் பிசிசி-க்குப் பெயர் துண்டு.

அனுப்பும்போது 'பெறுநர்' கட்டத்தில் உங்கள் முகவரியையே போட்டுக்கொள்ளுங்கள், மற்றவர்களைத் துண்டுக்குள் போடுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பெறுநருக்கு மேல் போகாது. துண்டுக்குள் இருப்பவர் 'எல்லாருக்கும் பதில்' அமுக்கினால், மற்ற மறைபெறுநர்களுக்கு அது போகாது, ஆனால் பெறுநர் கட்டத்திலும் நகல் கட்டத்திலும் வெளிப்படையாக இருப்பவர்களுக்குப் போகும், ஆக அவர் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் இதே வேலையைச் செய்வது குரூப் அல்ல, பிராட்காஸ்ட் லிஸ்ட், ஒரு பட்டியலில் 256 பேர் வரை. ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். தொண்டி வியாபாரி ஒருவருக்கு மூன்று வாரமாக விலைப்பட்டியல் போகாதது எங்களுக்கு அப்படித்தான் தெரிய வந்தது.