மெர்ல் ஓபரானும் மங்கு கிரீமும்

"ஒண்ணும் போடல டாக்டர். வெறும் பவுடர் மட்டும்தான்."

பாளையங்கோட்டையில் தோல் மருத்துவம் பார்க்க ஆரம்பித்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இந்த வாக்கியத்தைக் கேட்காத வாரம் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. சொல்கிறவரின் கன்னம் செக்கச்செவேல் என்று இருக்கும். மூக்கோரத்தில் நூல் நூலாக ரத்தக்குழாய் தெரியும். தாடையில் புதிதாகப் பூனைமுடி முளைத்திருக்கும். அடுப்படியில் நின்றாலே முகம் எரிகிறது என்பார். எந்தப் பவுடரும் ஒரு முகத்தை இப்படி ஆக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் "வெறும் பவுடர்தான்."

போன மாசம் களக்காடு பக்கமிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். (ஊர், வயது போன்ற அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மகள் காலேஜ் கடைசி வருஷம். அம்மாதான் பேசினார். "நல்லாத்தான் இருந்தா டாக்டரம்மா. ரெண்டு மாசமா வெயில்ல போயிட்டு வந்தாப் போதும், மொளகா அரைச்சுப் பூசுனாப்ல ஆயிருது. தை பொறந்ததும் பொண்ணு பாக்க வாராவ. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருங்க." பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். கதவு சாத்தியதும் அவள் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து மேஜையில் வைத்தாள். பற்பசை தீரும்போது பிதுக்குவோமே, அப்படி அடியிலிருந்து சுருட்டி வைத்திருந்தது.

"அம்மாட்ட சொல்லிராதீங்க மேடம்."

இப்படி ஒளித்து வைக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நடிகை ஞாபகம் வருகிறார். 2023இல் மலேசிய நடிகை மிஷெல் யோவுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்ததல்லவா, அப்போது சில செய்திகளில் "தன்னை ஆசியர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர்களில் முதல் ஆள்" என்று சுற்றிவளைத்து எழுதியிருந்தார்கள். அதென்ன வெளிப்படையாக? தேடிப் படித்தபோதுதான் மெர்ல் ஓபரான் என்ற பெயர் வந்தது. 1935இல் வந்த ஒரு படத்துக்காக அதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். பிறந்த ஊர் பம்பாய். அதை உலகத்துக்குச் சொல்லாமலே வாழ்ந்து முடித்தவர்.

பிறந்தது 1911இல். அம்மா என்று அவரை வளர்த்த சார்லட் செல்பி இலங்கையைச் சேர்ந்த கலப்பினப் பெண். நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மவோரி வழியும் உண்டு என்கிறார்கள். உண்மையில் அவர் பாட்டி. பெற்றவரை மெர்ல் அக்கா என்று நினைத்தே வளர்ந்திருக்கிறார். (கொழும்புக்குக் கடை வைக்கப் போனவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று வாழ்ந்து, எந்தப் பிள்ளை யாருடையது என்று வெளியே பேசாத வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கதை எனக்கு அவ்வளவு தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.) கல்கத்தாவில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். கலப்புப் பிள்ளை என்ற கேலி தாங்காமல் நின்றுவிட்டார். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தார். இருபது வயதுக்குள் லண்டனுக்குக் கப்பலேறினார்.

அங்கே அலெக்சாண்டர் கோர்டா என்ற தயாரிப்பாளரின் கண்ணில் பட்டார். 1933இல் எட்டாம் ஹென்றி மன்னரைப் பற்றிய படத்தில் சின்ன வேடம்தான், ஆனால் ராணி வேடம். அதோடு புதிய பிறப்புக் கதை ஒன்றும் தயாரானது: ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாவில் பிறந்தவர் என்று. ஏன் டாஸ்மானியா? யாரும் போய் விசாரிக்க முடியாத தூரம், அவ்வளவுதான். கூடவே வந்த சார்லட்டை வேலைக்காரம்மா என்று மற்றவர்களுக்குச் சொன்னதாக ஒரு கதை உண்டு. சார்லட் 1937இல் இறந்துபோனார். பிறகு மெர்ல் ஒரு பழைய போட்டோவை ஓவியரிடம் கொடுத்து அவரை வரையச் சொன்னார், தோலின் நிறத்தைக் குறைத்து வரையச் சொல்லி. செத்த பிறகும் அந்த அம்மாள் வெளுக்க வேண்டியிருந்தது.

இனி என் வேலை சம்பந்தப்பட்ட பகுதி. 1937இல் லண்டனில் கார் விபத்தில் மெர்லுக்கு முகத்தில் அடிபட்டது. அதைவிட மோசமானது 1940இல் நடந்தது: முகத்துக்குப் போட்ட அழகுப் பொருட்களின் நச்சும் சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி மருந்தின் ஒவ்வாமையும் சேர்ந்து தோலைக் கெடுத்துவிட்டன. நிறத்தை வெளுக்கவைக்கும் கிரீம்களுக்கும் இதில் பங்குண்டு என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு தோல் நிபுணரிடம் போய், மேல்தோலைத் தேய்த்து எடுக்கும் சிகிச்சை பலமுறை செய்துகொண்டார். ஓரளவுதான் பலன். மேக்கப் இல்லாவிட்டால் குழிகள் தெரிந்தன. 1944இல் வந்த ஒரு படத்துக்காக ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், கேமராவின் பக்கத்திலேயே பொருத்துகிற மாதிரி ஒரு விளக்கு செய்தார். நேராக முகத்தில் அடிக்கும் அந்த வெளிச்சத்தில் வடுவும் சுருக்கமும் மறைந்துபோகும். அதற்கு ஓபரான் பெயரிலிருந்தே 'ஓபி' என்று பேர் வைத்தார்கள். மறு வருஷம் இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள். சினிமாக்காரர்கள் இதைக் காதல் கதையாகச் சொல்வார்கள். தோல் டாக்டரான எனக்கு, வடு மறைய தினமும் விளக்கு தேடிய ஒரு பெண்ணின் கதையாகத்தான் தெரிகிறது.

களக்காட்டுப் பெண்ணிடம் விளக்கு இல்லை, செல்போனில் ஃபில்டர் இருந்தது. அவள் போட்ட டியூபில் இருந்தது மூன்று மருந்து: மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன். இது கள்ளச் சரக்கு இல்லை. முகத்தில் கருந்திட்டாகப் படர்கிற மங்குக்கு நாங்களே எழுதுகிற மருந்துதான். ராத்திரி மட்டும், அதிகபட்சம் எட்டு வாரம், பகலில் வெயிலுக்குச் சன்ஸ்கிரீன், நடுவில் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுப்போம். எட்டு வாரத்துக்கு எழுதியதை எட்டு வருஷம் போட்ட டீச்சர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தங்கைக்கு, தங்கையின் நாத்தனாருக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று ஒரே சீட்டு ஊரெல்லாம் சுற்றியிருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஹாஸ்டல் ஸ்நேகிதி கொடுத்தாளாம். முகத்தில் மங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. "பேஸ் கிரீம்" என்றுதான் அவளுக்கு அறிமுகம்.

ஸ்டீராய்டு போட்ட முதல் இரண்டு மூன்று வாரம் அற்புதமாக இருக்கும், அதுதான் வம்பு. ரத்தக்குழாய்கள் சுருங்கும், பரு அடங்கும், நிறமி உற்பத்தி குறையும், முகம் பளிச்சென்று ஆகும். பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன போடுதே?" என்று கேட்பார்கள். அப்புறம் மெதுவாகத் தோல் மெலிய ஆரம்பிக்கும். சுருங்கிய குழாய்கள் நிரந்தரமாக விரிந்துவிடும். பரு திரும்ப வரும், இந்த முறை கொத்துக்கொத்தாக. பயந்து நிறுத்தினால் இரண்டு நாளில் முகம் கொதிக்கும். மறுபடி போட்டால் அடங்கும். நம் ஊரில் வெளுப்பு என்று சொல்வதில்லை, "செவத்த பிள்ளை" என்றுதான் சொல்வோம். ஸ்டீராய்டும் கடைசியில் சிவப்பைத்தான் கொடுக்கிறது. இது வேறு சிவப்பு. ஹைட்ரோகுவினோனை வருஷக்கணக்கில் போட்டால் நேர்மாறாக, கன்ன எலும்பின் மேல் நீலம் பாய்ந்த கறுப்பு படியும். அதைச் சரிசெய்வது எங்களுக்கே பெரிய பாடு.

2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நடைமுறை எப்படி என்று மெடிக்கல் ஷாப்பில் வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நீங்களே டியூபைத் திருப்பிப் பாருங்கள். 'ஆர்எக்ஸ்' குறி இருந்தாலோ, பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், கிளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று எழுதியிருந்தாலோ அது அழகு கிரீம் இல்லை, மருந்து. படர்தாமரைக்கு என்று விற்கிற கலவைக் களிம்புகள் பலவற்றிலும் இதே சாமான்தான் ஒளிந்திருக்கிறது. அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், படை மட்டும் உள்ளுக்குள்ளே பரவும். தாமிரபரணிக் கரையில் புழுக்கத்துக்குக் குறைவில்லை, படர்தாமரைக்கும் குறைவில்லை. அதைத் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.

பார்லரில் பெயர் ஒட்டாத டப்பாவில் கொடுக்கும் 'நைட் கிரீம்' பற்றிச் சொல்ல ஒரே வரிதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாததை முகத்தில் போடாதீர்கள். நிறத்துக்காக ஏற்றும் குளூட்டாத்தியோன் ஊசியும் வேண்டாம்.

வெளிநாட்டுக் கிரீம்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலப்பாளையத்திலிருந்து வள்ளியூர் வரைக்கும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. லீவுக்கு வரும்போது சென்ட், சாக்லேட், தைலம், அதோடு தங்கச்சிக்கு ஒரு முகக் கிரீம். அப்படி வருகிற எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் தோல் வழியாகவே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தில் உட்காரும். 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில், வேறு காரணம் பிடிபடாத சிறுநீரக நோயாளிகளை விசாரித்துக்கொண்டே போன டாக்டர்கள் கடைசியில் சிவப்பழகுக் கிரீமில் வந்து நின்றார்கள். சிறுநீரில் புரதம் கொட்டுகிற மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற நோய். நல்லவேளையாக, கிரீமை நிறுத்தியதும் பலருக்குச் சரியானது. அங்கேயும் நோயாளிகள் முதலில் கிரீமைப் பற்றிச் சொல்லவில்லை. கிரீமை எல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பாதரசத்தைக் கண்டுபிடிக்க வீட்டில் வழி இல்லை, சந்தேகப்பட வழி உண்டு. 'கேலமல்', 'மெர்குரி' என்ற சொற்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பா, தயாரித்தவர் முகவரி இல்லாத டப்பா. இன்னொன்று, நகைக்கு ஆசைப்படுகிற நம் ஊருக்கு நன்றாகப் புரியும்: "தங்கம், வெள்ளி நகை மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தால் உடனே ஓரமாக வையுங்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் அந்த எச்சரிக்கை. செயின் மேல் படக் கூடாததைக் கழுத்தில் தேய்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் ஒருவர் போட்டாலும் துண்டு, தலையணை வழியாகப் பிள்ளைகளுக்கும் போகும். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனாலோ, காலையில் கண்ணைச் சுற்றியும் சாயங்காலம் காலிலும் வீக்கம் தெரிந்தாலோ, கிரீமை உடனே நிறுத்திவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம், கையில் பணம் வேண்டாம்.

ஸ்டீராய்டு டியூபை நிறுத்துவது மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. பல மாசம் போட்டவர்கள் பட்டென்று நிறுத்தினால் முகம் கொதிப்பதைத் தாங்க முடியாமல் திரும்பவும் அதற்கே போய்விடுகிறார்கள். வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றி, இடைவெளி விட்டு, ஸ்டீராய்டு இல்லாத களிம்பில் கொண்டுபோய் விடுவோம். சிலருக்கு மூன்று மாசம், சிலருக்கு வருஷம். அப்படி நிறுத்துகிற மாசங்களில் மஞ்சள், எலுமிச்சை, பேக்கிங் சோடா என்று யூடியூப் பார்த்து எதையும் பூச வேண்டாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், எரிந்தால் ஐஸ் தண்ணியில் நனைத்த துணி. போதும்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தை மாசத்துக்குள் சரியாகாது என்பதையும் சொன்னேன். அழுதாள். "அப்பம் நெறம்?" என்று கேட்டாள். உன் பிறவி நிறம் எதுவோ அதுதான் நல்ல தோலின் நிறம், அதற்குமேல் கொடுக்க என்னிடம் மருந்து இல்லை என்றேன். டாக்டர்கள் சொல்லத் தயங்குகிற வாக்கியம் அது. சொன்னால் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார்கள்.

மெர்லைக் கடைசிக் காலத்தில், 1978இல், டாஸ்மானியாவின் ஹோபார்ட் நகரத்துக்கு வரவேற்புக்கு அழைத்தார்கள். மண்ணின் மகள் என்று கொண்டாட, அவர் உடம்பு சரியில்லை என்று பாதியில் எழுந்து போய்விட்டார். அடுத்த வருஷம் இறந்தார். பம்பாய்ப் பிறப்புப் பதிவு வெளியே வந்தது அதற்குப் பிறகுதான்.

மூன்று வாரம் கழித்து மறு பரிசோதனைக்கு அம்மாவும் மகளும் வந்தார்கள். எரிச்சல் குறைந்திருந்தது. பரு இன்னும் இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னேன். அம்மா எழுந்திருக்கவில்லை. "நீ போயி மருந்த வாங்கிட்டு நில்லு, வாரேன்" என்று மகளை அனுப்பிவிட்டு, மஞ்சப்பைக்குள்ளிருந்து கைக்குட்டையில் முடிந்த ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். மேலே அரபி எழுத்து. மூடி ஓரமெல்லாம் வெளுத்திருந்தது.

"என் தம்பி சவூதிலேருந்து கொண்டாந்தது. மூணு வருசமாப் போடுதேன் டாக்டரம்மா, மங்குக்கு. அவகிட்ட சொல்லிராதீங்க."

டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். குனிந்து அவர் கணுக்காலைப் பார்த்தேன். கொலுசு பதிந்து குழியாக இருந்தது. கால் எப்போதிலிருந்து வீங்குகிறது என்று கேட்டேன்.