உந்துதல் எழும்போது: ஆன்மிகப் பயிற்சி கைகொடுக்கும் இடமும் சறுக்கும் இடமும்

“தினமும் சாமி கும்பிடுகிறேன், தியானம் செய்கிறேன், ஆனாலும் அடக்க முடியவில்லை.” கோபம், காமம், குடி என எதோடு போராடுபவரும் கடைசியில் ஆலோசனை அறையில் சொல்வது இதைத்தான். பக்தியில் குறை ஏதும் இல்லை. அடக்கப் பார்ப்பதுதான் சிக்கல்.

1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் நடத்திய சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்த நினைப்பு ஓயாமல் வந்தது. தடையை நீக்கியதும் இன்னும் அதிகமாக வந்தது. ஐந்து புலனையும் அடக்கிவிட்டால் உயிர் சடப்பொருளாகிவிடும் என்று திருமூலர் என்றைக்கோ சொல்லிவிட்டார். பதஞ்சலியும் தீய எண்ணம் தொல்லை தரும்போது அதற்கு எதிரான எண்ணத்தை வளர்க்கச் சொல்கிறார்.

குடி, புகை போன்றவற்றின் வேட்கை, இடம் கொடுக்காமல் விட்டால் பெரும்பாலும் 20, 30 நிமிடங்களில் தணியும். அந்த நேரத்தைக் கடத்தத்தான் பயிற்சி. முதலில் உந்துதல் உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள்: தாடை இறுகுகிறதா, வாய் ஊறுகிறதா? “கோபம் வந்திருக்கிறது” என்று மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். பிறகு 4 நொடி மூச்சை இழுத்து, 6 நொடி விடுங்கள். 5 நிமிடம் செய்யலாம். இறைநாமம் சொல்பவர்கள் வெளிமூச்சோடு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டாம். பதற்றம் உள்ளவர்களுக்குப் படபடப்பு கூடிவிடும். அமைதியான நேரத்தில் தினமும் 10 நிமிடம் பழகியிருந்தால்தான் நெருக்கடியில் இதெல்லாம் நினைவுக்கே வரும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எழுந்த வேகத்துக்கு ஒரு வேலை வேண்டும். அது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். “நல்லவனாக இருப்பேன்” என்பதால் பயனில்லை. “வேலை முடிந்ததும் குடிக்கத் தோன்றினால், நேராகப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போவேன்” என்று நேரம், இடம், செயல் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். தனிமையில் எழும் உந்துதலுக்கு இன்னொரு தனிமைப் பயிற்சியைவிட, நாலு பேரோடு செய்யும் சேவை நன்றாகப் பலன் தருவது வழக்கம்.

விரதம் ஒருமுறை முறிந்ததும் “எல்லாம் போச்சு” என்று முழுசாக விழுந்துவிடுபவர்கள் அதிகம். அவர்களை வீழ்த்துவது அந்த ஒரு சறுக்கலைவிடக் குற்றவுணர்வுதான். தூக்கம் குறைந்திருந்ததா, பசியா, யாரோடு இருந்தீர்கள் என்று பாருங்கள். அடுத்த முறைக்கான தகவல் அதில் இருக்கிறது. இன்னொரு வகையினர் “எனக்குக் கோபமே வருவதில்லை” என்பார்கள். வீட்டிலோ நாள்கணக்காகப் பேசமாட்டார்கள். அதுவும் கோபம்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர், கடவுள் மேல் சத்தியம் செய்து ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் கை நடுக்கம், இல்லாத உருவங்கள் தெரிவது, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். சபதத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் தயமின் என்ற வைட்டமினும் சில நாட்களுக்குத் தேவைப்படும். பிரார்த்தனையை அதோடு சேர்த்தே தொடரலாம்.