சாவிக்குள் இருக்கும் மூன்று வோல்ட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு பத்தரை மணிக்கு ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். கல்யாண மண்டபத்து வாசலில் குடும்பத்தோடு நிற்கிறாராம். "பேட்டரி செத்துப்போச்சுங்க. கதவுகூடத் திறக்கல. கட்டி இழுக்க ஏதாச்சும் வண்டி கிடைக்குமுங்களா?"

"மதியம் வரைக்கும் ஸ்டார்ட் ஆச்சுங்களா?" என்று கேட்டேன். ஒரே அடியில் எடுத்ததாம். அப்படியானால் போனது காரின் பேட்டரி அல்ல, சாவிக்குள் இருக்கும் பட்டன் செல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். சாவியின் பக்கவாட்டில் உள்ள சின்ன விசையைத் தள்ளி இழுக்கச் சொன்னேன். உள்ளே ஒளிந்திருந்த இரும்புச் சாவி கையோடு வந்தது. ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் இருந்த மூடிக்குள் துவாரம் இருந்தது, கதவும் திறந்தது. அலாரம் கத்த ஆரம்பித்ததும் பதறிவிட்டார். "கத்தட்டும் விடுங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, சாவியையே ஸ்டார்ட் பட்டன்மேல ஒட்டி வச்சு அமுக்குங்க" என்றேன். வண்டி உறுமியது, அலாரமும் அடங்கியது.

கோவையில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு போன் மாதம் ஒன்றாவது வந்துவிடும். ரிமோட் சாவிக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. கதவைத் திறக்கிற ரேடியோவுக்குத்தான் செல் வேண்டும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சிப்புக்கு அது தேவையில்லை. ஸ்டார்ட் பட்டனுக்குப் பின்னாலோ சாவித் துவாரத்தைச் சுற்றியோ இருக்கும் கம்பிச் சுருளில் இருந்து தனக்கு வேண்டிய துளி கரண்டை அது எடுத்துக்கொள்ளும். சில கார்களில் பட்டனுக்குப் பதிலாக ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ கப் வைக்கும் குழியிலோ சாவியை வைக்க வேண்டியிருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் அந்த இடத்தைப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மழையில் நனைந்துகொண்டு தேடுகிற விஷயம் இல்லை அது.

செல் சாகப்போவது முன்பே தெரியும். தெருமுனையில் இருந்து திறந்த கார், கதவருகே போய் இரண்டு மூன்று தடவை அமுக்கினால்தான் திறக்கும். செல்லின் முதுகிலேயே ஒரு எண் இருக்கும். சி.ஆர். 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 2025 என்றால் அதே விட்டம், கனம் 2.5. 1620 என்றால் விட்டம் 16, கனம் 2. எல்லாமே 3 வோல்ட்தான். அதனால் "ரெண்டும் ஒண்ணுதானே" என்று 2032 இடத்தில் 2025-ஐப் போட்டு அனுப்பும் கடைகள் உண்டு. அன்றைக்கு வேலை செய்யும், ரோட்டுக் குழியில் வண்டி குலுங்கிச் சாவி துள்ளினால் நின்றுபோகும். எல்.ஐ.ஆர். என்று தொடங்குகிற எண்ணும் வேண்டாம். அது சார்ஜ் ஏற்றுகிற ரகம், வோல்ட் அதிகம்.

பகல் வெளிச்சத்தில், மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வைத்துத் திறங்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் ஓடு காயப்படும், கை தவறினால் உள்ளே இருக்கும் போர்டும் கீறிவிடும். காலாவதியான ஏ.டி.எம். கார்டின் மூலை போதும். திறந்தவுடன், எதையும் தொடுவதற்கு முன்பு போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல் குறி மேலே இருந்ததா கீழே இருந்ததா என்ற குழப்பம் பிறகு வராது. பழைய மாதிரிச் சாவிகள் சிலவற்றில் அந்த இம்மொபிலைசர் சிப் அரிசி மணி அளவில் தனியாக உட்கார்ந்திருக்கும். அது தெறித்துச் சோபாவுக்கு அடியில் போய்விட்டால் புதுச் செல் போட்டும் பயனில்லை, வண்டி எடுக்காது. துடைப்பத்தால் பெருக்கி அதைக் குப்பையில் தள்ளிவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். புதுச் செல்லை ஓரத்தைப் பிடித்து எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, நகம் போன்ற கொக்கிக்கு அடியில் ஒரு பக்கத்தைச் செருகி மறுபக்கத்தை அமுக்குங்கள். அவ்வளவுதான்.

சரி, கழற்றிய பழைய செல் எங்கே?

என் கடையில் செல் மாற்றினால் பழையதைத் திருப்பித் தருவதில்லை. காரணம், சில வருடங்களுக்கு முன்பு ஒருவர் கேட்ட ஒரு வார்த்தை. "அத இங்க கொடுங்க, பாப்பா வெளயாடும்" என்றார். ஒன்றரை வயதுக் குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. அவர்மேல் தப்பில்லை. செத்த செல்தானே என்று நினைத்திருக்கிறார்.

செத்த செல் என்று ஒன்று கிடையாது. சாவிக்கு ஏறக்குறைய முழு 3 வோல்ட்டும் வேண்டும், கொஞ்சம் இறங்கினாலே திணறும். ஆனால் நாம் தூக்கிப் போடும் செல்லில் தாராளமாக 2 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கும். மீட்டர் வைத்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஈரமான சதையில் கேடு செய்வதற்கு 1.2 வோல்ட்டைத் தாண்டினாலே போதும்.

20 மில்லிமீட்டர் செல் ஒரு சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும் அளவு. சிக்கியதும் எச்சிலும் சதையும் ஒயர் மாதிரி ஆகிவிடுகின்றன. கரண்ட் ஓடுகிறது. செல்லின் மைனஸ் பக்கம் பட்ட இடத்தில் கடுமையான காரம் உண்டாகிறது. கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்க ஊற்றுவோமே, அந்த ஜாதிக் காரம். செல் உடைய வேண்டாம், கசிய வேண்டாம், சும்மா அங்கே இருந்தாலே போதும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் ஆகிவிடலாம். உணவுக்குழாய் ஓட்டையாகலாம், பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் அரிக்கலாம். நம்பாமல் நானே ஒருநாள் கோழிக்கறித் துண்டின்மேல் ஒரு பழைய 2032-ஐ வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் கறுத்து நுரைத்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் பெரிய சிக்கல். வாயில் எச்சில் வடிவது, இருமல், சாப்பாட்டைத் தள்ளிவிடுவது, வாந்தி என்று சளி பிடித்த குழந்தை மாதிரியே இருக்கும். வீட்டில் ஒரு செல் காணவில்லை, குழந்தையும் இப்படி இருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள், இல்லை 108-ஐ அழையுங்கள். "பட்டன் செல் விழுங்கியிருக்கலாம்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். புதுச் செல்லின் அட்டையையும் எடுத்துப் போனால் அவர்களுக்கு அளவு தெரியும். நாணயம் விழுங்கினால் செய்வதுபோல "நாளைக்கு வெளியே போகும்போது வந்துடும்" என்று வாழைப்பழம் ஊட்டிக்கொண்டு உட்காரக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. தேனைப் பற்றி மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. விழுங்கி 12 மணி நேரத்துக்குள், ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கவும் முடிகிறது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் நேஷனல் கேப்பிடல் பாய்சன் சென்டர் சொல்கிறது. ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே என்றால் தேனே கூடாது. வீட்டில் தேன் இல்லையென்றால் கடைக்கு ஓடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான். அப்போது சொட்டு மருந்து எதையும் விடக் கூடாது.

அதனால் செல் மாற்றும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருப்பது நல்லது. கழற்றியவுடன், மூடியைப் பூட்டுவதற்கும் முன்பே, பழைய செல்லின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து டேப் ஒட்டி, மூடி திருகும் டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம். டேப் ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்கைந்து செல்கள் ஒரே டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் அவையே ஷார்ட் ஆகிச் சூடேறும். சாவியின் ஓடு விரிசல் விட்டுத் தானாகத் திறந்துகொள்கிறதா? ரப்பர் பேண்ட் போட்டுச் சமாளிக்காமல் புது ஓடு போடுங்கள். குழந்தை அழும்போது முதலில் நாம் நீட்டுவது கார் சாவியைத்தானே.

அப்புறம் பல்பு. இதைத் தாங்களே மாற்ற விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஷாக் அடிக்குமுங்களா?" என்பதுதான். 12 வோல்ட்டில் சாதாரணமாக ஷாக் அடிக்காது. பயம் எப்போதும் தப்பான இடத்தில்தான் இருக்கிறது. விளக்கையும் இஞ்சினையும் அணைத்துக் கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும். எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் பல்பின் மேல்தோல் பல நூறு டிகிரிச் சூட்டில் இருக்கும். அதோடு உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது, கீறல் விழுந்தால் வெடித்துச் சிதறும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், படிக்கும் கண்ணாடியானாலும் பரவாயில்லை. ரேடியேட்டர் விசிறி சில வண்டிகளில் இஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், விரலை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் கேட்டால் முழிப்பார்கள். நம் விரலில் எண்ணெயும் உப்பும் இருக்கின்றன. அந்தச் சூட்டில் அவை குவார்ட்ஸ் கண்ணாடியில் வெந்து படிந்து, அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி வலுவிழக்கும். தொட்டுவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, காய்ந்ததும் மாட்டுங்கள்.

ஹெட்லைட்டில் வரும் எச்4 ரகப் பல்பில் மூன்று காதுகள் இருக்கும். ஒரே ஒரு விதத்தில்தான் சரியாக உட்காரும். உட்காராமல் கம்பிக் கிளிப்பை இழுத்து மாட்டிவிட்டால் ஒளி மரத்தின் உச்சிக்குப் போகும். அதனால் மாற்றுவதற்கு முந்தின இரவே சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் லைட்டின் மேல்கோட்டைச் சாக்பீஸால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் அதே இடத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் போதும். பின்னாலுள்ள ரப்பர் மூடியை மறக்காமல் மாட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கு விளக்கு மீன்தொட்டி ஆகிவிடும்.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் வாட். கம்பெனி கொடுத்தது 60/55 வாட், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. கடையில் "ஊட்டி ரோட்டுக்கு இதப் போடுங்க" என்று 100/90 வாட்டைத் தலையில் கட்டுவார்கள். டிம் லைட்டுக்கு 55 வாட் என்றால் ஏறக்குறைய 4.6 ஆம்பியர். 90 வாட் என்றால் 7.5. ஒயரிலும், பல்பைச் செருகும் கப்ளரிலும் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது இரண்டரை மடங்கையும் தாண்டிவிடுகிறது. ஃபியூஸ் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் பெரும்பாலும் இருக்கும், 7.5-க்கு அது அசையாது. கப்ளர் பழுத்து, கறுத்து, பல்போடு ஒட்டிக்கொண்டு வரும் வண்டிகளைப் பார்க்கிறேன். அந்த ஒயருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்பதைப் பானெட்டைத் திறந்தால்தான் சொல்ல முடியும். சொல்லப்போனால் பர்லியாறு தாண்டி மூடுபனியில் அதிக வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். ஹாலஜனுக்கென்று செய்த ரெஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் இதே கதைதான். ஒளி பிறக்கும் இடம் ஒரு இழை மாறினாலும் எதிரே வருகிறவருக்குக் கண் கூசும்.

ஸினான் விளக்கு உள்ள வண்டியா? அதை மட்டும் தொடாதீர்கள். அது பற்றுவதற்கே 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும், விளக்கு வேலையில் ஷாக் பயம் நியாயமாக இருக்க வேண்டிய இடம் அதுதான். முழு எல்.இ.டி. விளக்கு என்றால் மாற்றுவதற்குப் பல்பே இருக்காது.

பின்பக்கம் எளிது. ஒரு பக்க இண்டிகேட்டர் திடீரென்று வேகமாகத் துடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கலாம். பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் ஒரே பல்பு என்றால் 21/5 வாட் என்று எழுதியிருக்கும். அதன் இரண்டு பக்கப் புடைப்புகளும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். நுழையவில்லையென்றால் அரை வட்டம் திருப்பிப் பாருங்கள். பலம் காட்டித் திணித்தால் பார்க்கிங் பளிச்சென்றும் பிரேக் மங்கலாகவும் எரியும். புதுப் பல்பு போட்டும் மங்கல் என்றால் எர்த் துருப்பிடித்திருக்கும், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

தனியாக இருக்கும்போது பிரேக் லைட்டை எப்படிப் பார்ப்பது என்று கேட்பார்கள். இருட்டியபின் வண்டியை வீட்டுச் சுவர் பக்கம் பின்னால் எடுத்து நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு பக்கமும் ஒரே சிவப்பாக விழ வேண்டும்.