டர்னிப்: இலை செழிக்கிறது, கிழங்கு ஏன் திரளவில்லை?

காய்கறித் தோட்டம் போடுவோருக்கு ஆலோசனை சொல்லும் பணியில், டர்னிப்பைப் பற்றி என்னிடம் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: இலை தழைத்து நிற்கிறது, பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு விரல் பருமன்கூட இல்லை. உடனே பழி விதையின் மேல் விழுகிறது. பாத்தியைப் பார்த்தாலோ செடிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். (டர்னிப்தான் நூல்கோல் என்று நினைத்து, அந்தப் பெயரில் கேட்டு விதை வாங்கியவர்களின் கதை வேறு. நூல்கோலில் பருப்பது தண்டு. அது வேறு பயிர்.)

டர்னிப் கடுகுக் குடும்பத்துப் பயிர். விதையும் கடுகைப் போலவே பொடியாக இருப்பதால், விதைக்கும் கை தன்னையறியாமல் தாராளமாகிவிடுகிறது. விதையை மணலுடன் கலந்து, 30 செ.மீ. இடைவெளியுள்ள வரிசைகளில், சுமார் 1 செ.மீ. ஆழத்தில் நேரடியாகப் பாத்தியிலேயே விதைக்க வேண்டும். நாற்று பிடுங்கி நட்டால் ஆணிவேர் சேதமடைந்து கிழங்கு கோணலாகும். ஈரம் காயாதிருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

செடி மூன்று நான்கு இலை விட்டதும் 10 முதல் 15 செ.மீ.க்கு ஒன்றாகக் கலைத்துவிட வேண்டும். முளைத்ததைப் பிடுங்க மனம் வராமல் பலர் தயங்குவது இங்கேதான். கலைத்த செடிகளின் இலையைக் கீரையாகச் சமைக்கலாம் என்று சொன்ன பிறகே சிலருக்கு மனம் இளகுகிறது. மிக நெருங்கி நிற்பவற்றைப் பிடுங்காமல் கத்தரித்தால், நிற்கும் செடியின் வேர் அசையாது.

இடைவெளி சரியாக இருந்தும் இலை மட்டுமே பெருத்தால், அளவுக்கு மீறிய தழைச்சத்தை (நைட்ரஜன்) சந்தேகிக்க வேண்டும். நன்கு மக்கிய தொழுஉரத்தை விதைப்புக்கு முன்பே இட்டுவிட்டால், பின்னர் யூரியாவைத் தேட வேண்டியிருக்காது. மண்ணைக் காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். வெயில் கடுமையானால் நார் பாய்ந்து கசக்கும். ஆகவே குளிர்ந்த பருவத்திலேயே விளைந்து முடியுமாறு விதைப்பைக் கணக்கிடுவது நல்லது. இளஞ்செடியின் இலைகளில் சிறு துளைகள் தென்பட்டால் அது பெரும்பாலும் தெள்ளு வண்டின் வேலை. விதைத்த அன்றே மெல்லிய வலையால் மூடுவது, பின்னர் மருந்து தெளிப்பதைவிடப் பயன் தரும். அதே கடுகுக் குடும்பத்து முட்டைக்கோஸ், முள்ளங்கி விளைந்த பாத்தியில் மூன்று ஆண்டுகளுக்காவது டர்னிப்பை விதைக்காதிருந்தால், வேர்கள் முண்டு முண்டாக வீங்கும் வேர் முண்டு நோய் பெருகும் வாய்ப்புக் குறையும்.

பெரும்பாலான ரகங்கள் 45 முதல் 60 நாட்களில் அறுவடைக்கு வரும். இன்னும் பருக்கட்டும் என்று விட்டுவைக்காமல், குறுக்களவு 5 முதல் 8 செ.மீ. இருக்கும்போதே பிடுங்கி, கிழங்கின் ஈரத்தை இழுக்கும் இலைகளை அன்றே வெட்டிவிட வேண்டும்.